அனுபவம் உண்டா?

2024-ம் வருஷம் ஆடிப் பெருக்குக்கு மோகனூர் போயிருந்தேன். என் தமக்கை அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவள் வீட்டில் இரண்டு நாள் தங்கி, காவேரியில் முழுக்குப் போட்டு, அவள் சுட்டுக் கொடுக்கிற கச்சாயத்தைத் தின்றுவிட்டுத் திரும்புவது என் வழக்கம். அந்த வருஷம் முழுக்குக்கு வழியில்லாமல் போயிற்று. ஜூலை 30-ந் தேதி மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு நிரம்பிவிட, உபரித் தண்ணீர் முழுவதும் ஆற்றோடு வந்துகொண்டிருந்தது. இக்கரைக்கும் வாங்கல் கரைக்கும் நடுவே ஒரே செந்நீர்ப் பரப்பு. ஆற்றில் இறங்காமல், தலையில் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம்.

அசலதீபேஸ்வரர் என்பது சுவாமியின் திருநாமம். அசல தீபம் என்றால் அசையாத விளக்கு. கர்ப்பக் கிருகத்தில் எரிகிற சுடர், காற்றடித்தாலும் ஆடாமல் நிற்கும் என்று ஊரார் சொல்வார்கள். என் கண்ணுக்கு எட்டிய மட்டும் அன்றும் ஆடாமல்தான் நின்றது.

அன்று இரவு திண்ணை அறையில் இன்னொரு விளக்கைப் பார்த்தேன். மணி ஒன்றரை இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தவன், கதவிடுக்கில் பச்சை வெளிச்சம் மினுக்கு மினுக்கென்று சிமிட்டுவதைக் கண்டு எட்டிப் பார்த்தேன். தமக்கையின் இரண்டாவது மகன் பழைய மடிக்கணினி ஒன்றின் முன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கறுப்பாக ஒரு தகரப் பெட்டி. அதில் வரிசையாகப் பச்சை விளக்குகள்.

"என்ன மாப்பிள்ளை, விளக்கு இந்த ஆட்டம் ஆடுது?" என்றேன்.

"ஆடுனாத்தானுங்க மாமா நல்லது. கோயில் விளக்கு ஆடக் கூடாது, இது ஆடாம நின்னாத்தான் கவலை" என்றான்.

அந்தப் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயராம். நான் அறிந்த ஸ்விட்ச் சுவரில் இருக்கும். இது பல கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைக்கிற ஸ்விட்ச். ஈரோட்டில் பழைய சாமான் கடையில் 1,500 ரூபாய்க்கு வாங்கி வந்திருக்கிறான்.

பையனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது 24. கணிதத்தில் பி.எஸ்ஸி. பட்டம். பட்டம் வாங்கி மூன்று வருஷமாக நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணை ஆபீஸில் முட்டை லோடுக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தான். அட்டைக்கு 30 முட்டை, பெட்டிக்கு 7 அட்டை, ஆக 210. கணிதப் பட்டதாரிக்கு அந்தப் பண்ணை கொடுத்த கணக்கு அவ்வளவுதான். சம்பளம் 11,000 ரூபாய். இவன் படிக்க ஆசைப்பட்டது ஸி.ஸி.என்.ஏ. என்கிற பரீட்சைக்கு. சிஸ்கோ என்ற அமெரிக்கக் கம்பெனி 1998-ல் தொடங்கி உலகமெங்கும் நடத்தி வருவது. கம்ப்யூட்டர் வலைப்பின்னல்களை அமைக்கவும், அவை கெட்டால் சீர் செய்யவும் ஒருவனுக்குத் தெரியும் என்பதற்கு அது அத்தாட்சி. முன்னே பலவாகப் பிரிந்து கிடந்ததை 2020 பிப்ரவரியில் ஒரே பரீட்சையாக்கிவிட்டார்கள். இரண்டு மணி நேரம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. தமிழில் எழுத முடியாது. தேறினாலும் சர்ட்டிபிகேட்டுக்கு ஆயுள் மூன்று வருஷம். நம்முடைய பி.ஏ., எம்.ஏ. எல்லாம் எவ்வளவு சோம்பேறித்தனமான பட்டங்கள் என்று அப்போதுதான் உறைத்தது! ஒரு முறை வாங்கினால் சாகிற வரையில் பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகின்றன.

"பரீட்சைக்குக் கட்டணம் எவ்வளவு?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "முந்நூறு டாலருங்க. வரியெல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ஆகுங்க. அதைப் பத்தி உங்ககிட்ட ஒரு சங்கதி கேக்கோணும்னு இருந்தேனுங்க மாமா" என்றான்.

கொங்கு நாட்டில் தாய்மாமன் என்றால் லேசுப்பட்ட உறவல்ல. காது குத்தில் மடியில் உட்கார வைப்பதிலிருந்து கல்யாணம் வரையில் அவனுக்குக் கடமைகள் உண்டு. ஆனால் அமெரிக்கக் கம்பெனிக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டுவது அந்த ஜாபிதாவில் இல்லை. காலையில் சொல்கிறேன் என்று படுக்கப் போனேன், தூக்கம் வரவில்லை.

காலையில் தமக்கை என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், "நீயாச்சும் புத்தி சொல்லு சாமி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்தப் பொட்டி முன்னால உக்காந்திருக்கான். பகல்ல தூங்கி விழுகறான். முட்டை ஆபீஸ்காரர் ரெண்டு தடவை சத்தம் போட்டுட்டாராமா" என்றாள்.

நான் பையனை உட்கார வைத்து விசாரித்தேன். யார் சொல்லித் தருகிறார்கள்? யாருமில்லை. வெண்டெல் ஓடம் என்பவர் எழுதிய இரண்டு தடித்த புத்தகங்கள், யாரோ படித்து முடித்து விற்றவை. ஜெரமி என்பவர் யூடியூபில் இலவசமாக நடத்துகிற பாடங்கள். சிஸ்கோ கம்பெனியே சும்மா கொடுக்கிற பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருள். இந்தக் கடைசிச் சாமான்தான் என்னை மயக்கியது. லட்ச ரூபாய்ச் சாதனங்களையெல்லாம் திரையில் படமாக இழுத்துப் போட்டு, கோடு கிழித்து இணைத்துவிட்டால், அவை நிஜம் போலவே வேலை செய்கின்றன. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போவதைச் சின்னஞ்சிறு தபால் உறையாகக் காட்டுகிறது. உறை கோட்டின் வழியே ஊர்ந்து போகும். வழி தவறினால் அதன் மேல் சிவப்பாகப் பெருக்கல் குறி விழும். தபால்காரருக்காக வாசலில் காத்துக் கிடந்த தலைமுறை அல்லவா என்னுடையது? அந்த உறை போய்ச் சேருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

"வேலைக்கு எடுக்கிறவர்கள் அனுபவம் கேட்க மாட்டார்களா?" என்றேன்.

பரீட்சைக்கு முன் தகுதி எதுவும் வேண்டியதில்லையாம். ஆனால் எழுதுகிறவனுக்கு ஒரு வருஷமாவது அனுபவம் இருப்பது நல்லது என்று கம்பெனியே சொல்லியிருக்கிறதாம். அதை மறைக்காமல் சொன்னான்.

அனுபவம்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு 1976-ம் வருஷம் ஞாபகத்துக்கு வந்தது.

அப்போது நான் நாமக்கல்லில் டைப்பிங் படித்துக்கொண்டிருந்தேன். இன்ஸ்டிட்யூட்டில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் மெஷின் கிடைக்கும். மணி அடித்ததும் அடுத்தவன் நாற்காலியைப் பிடித்து இழுப்பான். ஆகையால் வீட்டில் நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கட்டங்கள் போட்டு, எழுத்துக்களை எழுதி, அதன் மேல் விரல்களை ஓட்டிப் பழகினேன். சத்தமில்லாத மெஷின். ரிப்பன் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். இரண்டு தாள்கள் தேய்ந்து கிழிந்தன. நிமிஷத்துக்கு 30 வார்த்தை லோயரும், 45 வார்த்தை ஹையரும் தேறினேன். சர்ட்டிபிகேட்டைக் கஞ்சி போட்ட சட்டைப் பைக்குள் மடங்காமல் வைத்துக்கொண்டு சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ஓர் ஆபீஸில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருவர் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அனுபவம் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அனுபவத்தோடு வா" என்றார். அடுத்த ஆபீஸிலும் அதே கேள்வி. நான்காவது ஆபீஸில் எனக்குக் கோபம் வந்து, "நீங்கள் வேலை கொடுத்தால் அனுபவம் தானே வரும்" என்று சொல்லிவிட்டேன். அவர் வெளியே போகும் வழியைக் காட்டினார். முடிவில் என் தகப்பனாருக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தா, தம் முதலாளியிடம், "நம்ம பையனுங்க" என்று இரண்டு வார்த்தை சொன்னார். வேலை கிடைத்தது. 45 வார்த்தை வேகத்தால் ஆகாததை அந்த இரண்டு வார்த்தை சாதித்துவிட்டது.

அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல இந்தப் பையனுக்கு ஆள் இல்லை. அவன் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றியவர். வலைப்பின்னல் கம்பெனிகளில் நமக்கு யாரைத் தெரியும்? ஊர் பேர் தெரியாத ஒருவன், "இவனுக்கு இது தெரியும்" என்று சொல்கிற சிபாரிசுதான் சர்ட்டிபிகேட் என்று எனக்குப் பட்டது. சிபாரிசுக்கு ஆள் உள்ளவர்கள் அதைக் கேலி செய்யலாம். திண்ணை அறைப் பையன் கேலி செய்ய முடியாது. பணம் தருவதாகச் சொன்னேன். தமக்கை இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை மோகனூருக்குப் போகலானேன். 2013-ல் சேலம்–கரூர் ரயில் பாதை திறந்ததிலிருந்து மோகனூருக்கும் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, எனக்குச் சௌகரியம். போட்ட பணம் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் போனேன் என்று தமக்கை நினைத்தாள். உண்மையில் அந்தப் பாடங்களில் எனக்கே ருசி தட்டிவிட்டது. ஒரு நாள் அவன் ஸப்நெட்டிங் என்ற பகுதியில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டர்களுக்கு எண்ணால் ஆன விலாசங்கள் உண்டு. மொத்தமாகக் கிடைத்த விலாசங்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பது இந்த வித்தை. 256 விலாசத்தை நாலாகப் பிரித்தால் துண்டுக்கு 64. ஆனால் 62-ஐத்தான் பயன்படுத்தலாம். முதல் எண் அந்தத் துண்டின் பெயராக நிற்கும். கடைசி எண், துண்டில் உள்ள எல்லாரையும் ஒரே சமயத்தில் கூப்பிடுவதற்கு. கணிதப் பையனுக்குக் கணக்கு வந்தது. ஏன் என்பது மனத்தில் ஒட்டவில்லை.

"இதில் என்ன கஷ்டம்? நம் ஸர்வே நம்பர்தானே? ஒரு நம்பர் பூமியைப் பாகம் பிரித்து உட்பிரிவு போடுகிறார்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் இந்தப் பக்கம் ஒரு வரப்பு, அந்தப் பக்கம் ஒரு வரப்பு. வரப்பிலே நாற்று நட முடியுமா? அந்த இரண்டை விட்டுவிட்டு நடு" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து அவன் நோட்டில் முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் வரப்பு என்றே பெயர். எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. ரூட்டிங் பாடத்துக்கு அவனே உவமை கண்டுபிடித்தான். ஆற்றில் பாலம் வருவதற்கு முன் மோகனூரிலிருந்து கரூர் போக வேண்டுமானால் பரிசல் ஏற வேண்டும். இல்லாவிட்டால் வேலூர்ப் பாலத்தைச் சுற்ற வேண்டும். இப்போது நேர்ப் பாலம். பாலத்தில் கோளாறு வந்தால் பழைய சுற்று வழி. ரூட்டர் செய்கிற வேலை அவ்வளவுதானாம். எந்த வழி லாபம் என்று கணக்குப் பார்த்து வைத்துக்கொள்ளும். அது அடைபட்டால் யாரையும் கேட்காமல் அடுத்த வழிக்குத் திரும்பிவிடும்.

எல்லாமே இப்படி இனிமையாக நடந்துவிடவில்லை. ஆங்கிலம் அவனுக்கு எதிரி. தமிழ் வழியில் படித்தவன். ஒரு கேள்வியை மூன்று முறை படித்த பிறகுதான் அது எதைக் கேட்கிறது என்றே புரியும். இரண்டு மணி நேரப் பரீட்சையில் இது சின்ன ஊனம் அல்ல.

இந்தச் சமயத்தில்தான் அவனுடைய கல்லூரித் தோழன் ஒருவன் வந்தான். பக்கத்து நகரத்தில் ஒரு பயிற்சி நிலையம். பெயர் வேண்டாம். 35,000 ரூபாய் கட்டினால் தேர்ச்சிக்கு உத்தரவாதமாம். அங்கே பாடம் நடப்பதில்லை. பரீட்சை எழுதி வந்தவர்களிடமிருந்து திருடிச் சேர்த்த கேள்விகளையும் விடைகளையும் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். டம்ப்ஸ் என்று அதற்குப் பெயர். எழுதுகிறவர்கள் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்பந்தம் செய்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அது காற்றில் போகிறது. புதிய சங்கதியும் அல்ல. 1990-களில் நாவெல், மைக்ரோசாப்ட் கம்பெனிகளின் சர்ட்டிபிகேட்டுகளுக்கு மவுசு வந்தபோதே, கேபிளைக் கையால் தொட்டறியாதவர்கள் மனப்பாடத்தில் தேறி வந்துவிட்டார்கள். அவர்களுக்கு அமெரிக்காவில் 'காகித' எம்.சி.எஸ்.இ. என்று கேலிப் பேர் வைத்தார்கள். இன்றைக்கும் நேர்முகத்தில் அனுபவம், அனுபவம் என்று அடித்துக்கொள்வதற்கு அந்தக் காகித வீரர்களும் ஒரு காரணம்.

பையன் என்னைக் கேட்டான். "அவன் அதுல படிச்சு எழுதப் போறானுங்க மாமா. நான் என்ன பண்றது?"

நான் பெரிய மனிதத் தோரணையில், "தெரியாததைத் தெரியும் என்று சொல்லி வேலைக்குப் போய் என்ன செய்வாய்? வேண்டாம்" என்றேன். அவனும் வேண்டாம் என்றே நினைத்திருந்தான் என்று இப்போது சொல்கிறான். ஆனால் அன்றைக்கு முடிவு சொன்ன வாய் என்னுடையது.

2025 தை மாதத்தில் திருச்சியில் பரீட்சை. தாய்மாமன் என்ற ஹோதாவில் நானும் கூடப் போனேன். விடியற்காலையில் காட்டுப்புத்தூர், தொட்டியம், முசிறி என்று காவேரிக் கரையோடே பஸ் போயிற்று. வாழைத் தோட்டங்களில் பனி இறங்கியிருந்தது. பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. பரீட்சை மையத்தில் கைக்கடிகாரம், பர்ஸ், கைக்குட்டை வரையில் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். புகைப்படம் எடுத்தார்கள். கையெழுத்து வாங்கினார்கள். கணக்குப் போட, அழித்தெழுதும் பலகை ஒன்றும் பேனா ஒன்றும் கொடுத்தார்கள். நான் எதிர்க் கடையில் மூன்று டீ குடித்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வெளியே வந்தான். கையில் ஒரே ஒரு தாள். முகத்தைப் பார்த்ததும் தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஸ்விட்ச் ஒன்றைத் திரையிலேயே சரி செய்து காட்டும்படி ஒரு கேள்வியாம். தெரிந்த சங்கதி. தெரிந்தது என்பதாலேயே விடாமல் உட்கார்ந்து கால் மணி நேரத்தை அதில் கொட்டிவிட்டான். கடைசியில் பல கேள்விகளைப் படிக்கக்கூட நேரமில்லை.

திரும்பும் பஸ்ஸில் முசிறி தாண்டிய பிறகு வாயைத் திறந்தான். "ரூட்டர்ல பிங் அடிச்சா, பதில் வந்தா ஆச்சரியக் குறி விழுகுங்க மாமா. வரலேன்னா புள்ளி. புது விலாசத்துக்கு மொத தடவை அடிச்சா, மொதல்ல ஒரு புள்ளி விழுந்துட்டு அப்புறம் நாலு ஆச்சரியக் குறி விழுகும். அந்த வீடு எங்கேன்னு விசாரிக்கிற நேரத்துல மொத ஆள் திரும்பீருவான். அதுக்குக் கோளாறுன்னு அர்த்தமில்லீங்க."

"சரி மாப்பிள்ளை. இது புள்ளி" என்றேன். வேறு என்ன சொல்வது?

வீட்டில் தமக்கை சோறு போட்டாள். சாப்பிட்டு முடிக்கும் வரையில் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரம் அந்தத் தோழன் பரீட்சையில் தேறினான். இரண்டு மாதத்தில் பெங்களூரில் வேலையும் கிடைத்தது. அன்றுதான் சொன்னாள்: "நீ யோக்கியன் தம்பி. பொறந்ததுலேர்ந்து யோக்கியன். உனக்கு முப்பதாயிரம் போனா இன்னொரு கதை எழுதிச் சம்பாரிச்சுக்குவே. எம் பையனையும் எதுக்குச் சாமி யோக்கியனாக்குனே?"

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியாது. அந்தத் தோழன் பிடிபட்டான், வேலை போயிற்று என்று கதையாக இருந்தால் எழுதியிருப்பேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் வேலையில்தான் இருக்கிறான். போன இடத்தில் கற்றுக்கொண்டானாம். தீபாவளிக்குத் தாயாருக்குப் பட்டுப் புடவை வாங்கிக் கொடுத்தான்.

தோற்ற பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களெல்லாம் ராமானுஜத்தின் கதையைச் சொன்னார்கள். இதே காவேரிக் கரையில், ஈரோட்டில், 1887-ல் பிறந்தவர், கார் என்பவர் தொகுத்த ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தாமே கணிதம் படித்தவர், எப்.ஏ. பரீட்சையில் தோற்றவர், பிறகு உலகமே வணங்கியது, பார்த்தாயா என்பார்கள். எனக்கு இந்த ஆறுதல் பிடிப்பதில்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் அத்தனை பேரும் ராமானுஜம் அல்ல. ஆக வேண்டியதும் இல்லை. அந்தக் கதையிலும் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலைக்கு அவர் மனுப் போட்டபோது, பிரஸிடென்ஸி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதம் கூடவே போயிற்று. ராமானுஜத்துக்கே இரண்டு வார்த்தை சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. சர்ட்டிபிகேட் இல்லாத குறையை மனிதர்கள் அடைத்தார்கள். மனிதர்கள் இல்லாத இடத்தில் சர்ட்டிபிகேட் வேண்டும். இரண்டும் இல்லாதவன் என்ன செய்வான் என்பதுதான் அந்த மாசி மாதத்தில் மோகனூர்த் திண்ணையில் எங்கள் கவலையாக இருந்தது.

ஐந்து நாள் கழித்து மறுபடியும் எழுதலாம் என்பது விதி. ஐந்து நாளில் பணம் எங்கிருந்து வரும்? என்னிடம் வாங்க மாட்டேன் என்று பையன் சொல்லிவிட்டான்.

இதற்கிடையில் முட்டை ஆபீஸில் ஒரு கூத்து நடந்தது. பில் அடிக்கிற பிரிண்டர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் திடீரென்று ஊமையாகிவிடும். லாரி வாசலில் நிற்கும், பில் வராது. ரிப்பேர்க்காரர் வந்து அணைத்துப் போட்டுவிட்டு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். பிரிண்டர் பழசு, புதிது வாங்குங்கள் என்றும் சொல்லிவிட்டார். பையன் ஒரு நாள் நோட்டைப் புரட்டி, ஊமையான நாட்களையெல்லாம் குறித்துப் பார்த்தான். எல்லாம் மின்சாரம் போய் வந்த நாட்கள். கோழிக் கொட்டகைகளில் ஒரு வருஷத்துக்கு முன் காமிராக்கள் மாட்டியிருந்தார்கள். மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு காமிராவும் ரூட்டரிடம் ஒரு விலாசம் கேட்கும். ரூட்டர் கையில் வந்ததைக் கொடுக்கும். பிரிண்டருக்கோ யாரோ ஒரு காலத்தில் கையால் ஒரு விலாசத்தை எழுதி வைத்திருந்தார்கள். அந்த விலாசத்தையே ரூட்டர் சில நாட்களில் ஒரு காமிராவுக்குத் தானம் செய்துவிடும். ஒரே பட்டாவுக்கு இரண்டு பேர். அப்புறம் என்ன, வழக்குத்தான்! அவன் ரூட்டருக்குள் போய், அந்த எண்ணைப் பிரிண்டருக்கென்று ஒதுக்கி எழுதி வைத்தான். கால் மணி வேலை. அதற்குப் பிறகு பிரிண்டர் ஊமையாகவில்லை. முதலாளி கொஞ்ச நேரம் பிரிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, "இதையா ராத்திரி ராத்திரி படிக்கறே?" என்றாராம். அந்த மாதத்திலிருந்து பகலில் தூங்கி விழுந்தாலும் அவர் சத்தம் போடுவதில்லை.

இரண்டாவது கட்டணத்தைத் தமக்கை கட்டினாள். எனக்குப் பிறகுதான் தெரியும். மகளிர் குழுச் சீட்டைத் தள்ளி எடுத்து, மூவாயிரம் ரூபாய் நஷ்டப்பட்டு, பையன் கையில் கொடுத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "ராத்திரி எந்திரிச்சுப் பாப்பேன். தோத்துட்டு வந்த அன்னைக்கும் உக்காந்திருந்தான். அதுக்கப்புறம் நான் என்ன சொல்றது?" என்றாள்.

சித்திரையில் மறுபடி திருச்சி. இந்தத் தடவை என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். ஸ்விட்ச் கேள்வி வந்தால் ஏழு நிமிஷத்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு போனானாம். மத்தியானம் என் டெலிபோனுக்கு அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு புள்ளி, நாலு ஆச்சரியக் குறி. வேறு எழுத்தே இல்லை.

அத்தோடு முடிந்ததா? முடியவில்லை. அடுத்த நாலு மாதத்தில் எழுபது எண்பது இடங்களுக்கு மனுப் போட்டான். பெரும்பாலும் பதில் இல்லை. வந்த பதில்களில் பாதி அதே பழைய பாட்டு. ஒரு கம்பெனியில் மூன்று வருஷ அனுபவம் வேண்டுமென்று விளம்பரம் செய்துவிட்டு, ஆரம்ப வேலை என்றும் அதன் மேலேயே எழுதியிருந்தார்கள். என்னைச் சேலத்தில் கேட்ட மூக்குக் கண்ணாடிக்காரர் இன்னும் சாகவில்லை, கம்ப்யூட்டர்க் கம்பெனிகளுக்கு மாற்றலாகிப் போய்விட்டார் என்றே நினைத்தேன். மனுவில் முட்டை ஆபீஸை எழுதலாமா என்று பையன் கேட்டபோது, வேண்டாம், சிரிப்பார்கள் என்று நான்தான் சொன்னேன். நல்ல வேளையாக அந்தத் தடவை என் பேச்சை அவன் முழுக்கக் கேட்கவில்லை.

சென்னையில் ஒரு நேர்முகம். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண். இவன் வயதுதான் இருக்குமாம். சர்ட்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு, அனுபவம் உண்டா என்று கேட்டிருக்கிறாள். வேலையாக இல்லை, ஆனால் ஒரு பிரிண்டரைச் சரி செய்திருக்கிறேன் என்று சொல்லிக் கோழிப் பண்ணைச் சங்கதியை ஆரம்பித்திருக்கிறான். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். எந்தெந்த நாள் ஊமையாயிற்று என்று எப்படித் தெரியும், காமிராதான் என்று எதை வைத்து நிச்சயப்படுத்தினாய், ஒதுக்காமல் வேறு எப்படிச் சரி செய்திருக்கலாம் என்று அரை மணி நேரம் குடைந்திருக்கிறாள். சர்ட்டிபிகேட்டைப் பற்றி அதன் பிறகு பேச்சே இல்லையாம். அப்படியானால் அந்த அறுபதாயிரம் ரூபாய் வீண்தானா என்று தமக்கை கேட்டாள். அது இல்லாவிட்டால் அந்த அறைக்குள்ளேயே கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று பையன் சொன்னான்.

2025 ஆவணியில் வேலையில் சேர்ந்தான். மாதம் 18,000 ரூபாய். சென்னையில் அறை வாடகை போக மிச்சம் அதிகமில்லை. எங்கெங்கோ உள்ள கம்பெனிகளின் வலைப்பின்னல்களைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்து, ஒரு விளக்குச் சிவந்தால் உடனே விசாரிக்கிற வேலை. முதல் மூன்று மாதமும் இரவு ஷிப்ட். கறுப்புத் தகரப் பெட்டியைத் திண்ணை அறையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். தமக்கை அதன் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். முட்டை ஆபீஸ்காரர் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவனைப் போனில் கூப்பிட்டு, காமிரா தெரியவில்லை, இன்டர்நெட் வரவில்லை என்று எதையாவது கேட்கிறாராம்.

போன மாதம் மோகனூர் போனபோது தமக்கையிடம், பையன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தேன்.

"நல்லாத்தான் இருக்கறானாமா. ராத்திரி பூரா முழிச்சிருந்து விளக்கைப் பாத்துட்டு உக்காந்திருக்கானாம்" என்றாள். கச்சாயத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். "இங்கேயும் அதைத்தான் பண்ணிட்டிருந்தான். அங்கே அதுக்குச் சம்பளம் குடுக்கறாங்களாமா."